இடது கைச் சுண்டுவிரல்

கைரேகை மெஷினுக்கும் பாலமுரளிக்கும் ஏழாம் பொருத்தம். அபுதாபி முசஃபாவில் அந்த லேபர் கேம்ப்பின் கேட்டை ஒட்டி டைம்கீப்பர் கேபின். கேபினின் வெளிச்சுவரில் சோப்புப் பெட்டி அளவுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சனியன். விடிகாலை நாலரைக்கு ஆரம்பித்து ஐந்தேகாலுக்குள் முந்நூற்றுச் சொச்சம் பேர் அதில் விரல் வைத்துவிட்டு பஸ் ஏறியாக வேண்டும். விரல் பிடித்துப்போனால் “தேங்க் யூ” என்று ஒரு பெண் குரல் சொல்லும். பிடிக்காவிட்டால் “ப்ளீஸ் ட்ரை அகெய்ன்”. பதினோரு வருஷமாக டைம்கீப்பராக இருக்கும் பாலமுரளிக்குப் பெண்டாட்டி குரலைவிட அந்தக் குரல்தான் பழக்கம். பக்கத்து கேம்ப்களில் எல்லாம் முகத்தைக் காட்டினால் போதும் என்று ஆகிவிட்டது. இந்தக் கம்பெனிக்கு மட்டும் பழைய மெஷின் மேல் என்ன பாசமோ, மாற்றுவேனா என்கிறார்கள்.

மெஷின் அடம்பிடிக்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று சிமென்ட். டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்கும் பூச்சு வேலை செய்கிறவர்களுக்கும் விரல் ரேகை தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிடும். நெற்றியில் இருக்கும் எண்ணெய்ப் பசையைத் தொட்டுக்கொண்டு வந்து வைத்துப் பார்ப்பார்கள். இன்னொன்று குளிர். டிசம்பர், ஜனவரியில் விடிகாலைப் பனிமூட்டத்தில் விரலெல்லாம் விறைத்துப்போய் நிற்கும்போது மெஷின் பத்துக்கு மூன்று பேரைத் திருப்பி அனுப்பும்.

இதற்குப் பாலமுரளி ஒரு வைத்தியம் வைத்திருந்தார். கேபினில் ஃப்ளாஸ்க் நிறைய சுலைமானி, பால் சேர்க்காத டீ. ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, “இந்தா, அரை நிமிஷம் பிடி” என்று கொடுப்பார். விரல் சூடானதும் மெஷின் மரியாதையாகத் தேங்க் யூ சொல்லும். டம்ளரைத் திரும்ப வாங்கி அடுத்த ஆளிடம் நீட்டுவார். கேம்ப்பில் அதற்கு முரளி வைத்தியம் என்றே பெயர். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான், வெளியே காட்டிக்கொள்ளமாட்டார்.

அந்தத் திங்கட்கிழமை கார்மேகத்தின் விரலை மெஷின் வேண்டாம் என்றது. கார்மேகம் கமுதிப் பக்கத்து ஆள். டைல்ஸ் கொத்தனார், முப்பத்தெட்டு வயது. ஆறு வருஷமாக இதே கேம்ப். எதையும் கிண்டலாகவே பேசி, எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவான்.

“என்னடா கார்மேகம், மெஷின் உன்னைய மறந்துருச்சா?”

“கட்டுன சம்சாரமே மறந்துருச்சு, மெஷினுக்கு என்னண்ணே வந்துச்சு?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பாலமுரளி டம்ளரைக் கொடுத்தார். அரை நிமிஷம். தேங்க் யூ.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. புதன்கிழமை ஒரு நிமிஷத்துக்கு மேல் டம்ளரைப் பிடிக்க வேண்டியிருந்தது. பஸ்காரன் ஹாரன் அடித்தான். பாலமுரளிக்கு எரிச்சல் வந்துவிட்டது. “சிமென்ட் கையை நல்லா தேச்சுக் கழுவிட்டு வாடான்னா கேக்குறியா? ராத்திரி தூங்குனியா இல்லையா, மூஞ்சியப் பாரு” என்றார்.

“முழங்கால் வலிண்ணே. ரெண்டு மாத்திர போட்டாத்தான் மறுநாள் குனிய முடியுது” என்றான் கார்மேகம். அன்றைக்கு அவன் கிண்டல் எதுவும் பேசவில்லை. அதைக் கவனிக்கப் பாலமுரளிக்கு நேரமில்லை. வரிசையில் இன்னும் அறுபது பேர் நின்றிருந்தார்கள்.

வியாழக்கிழமை பனிமூட்டம் இல்லை. தெற்கே இருந்து வெதுவெதுப்பாகக் காற்று அடித்தது. ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். மெஷினும் நல்ல புத்தியோடு வரிசையாகத் தேங்க் யூ சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒருவருக்குக்கூட டீ தேவைப்படவில்லை.

கடைசி ஆளாகக் கார்மேகம் வந்தான். ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.

ஃப்ளாஸ்க் திறக்காமலே இருந்ததால் டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. பாலமுரளி துண்டால் டம்ளரைச் சுற்றிப் பிடித்து நீட்டினார். கார்மேகம் துண்டை விலக்கிவிட்டு இரண்டு கையாலும் டம்ளரை அணைத்துக்கொண்டான்.

“டேய், சுடும்டா!”

“சுடுதா? ஒண்ணும் தெரியலையேண்ணே.”

வைத்துப் பார்த்தான். ப்ளீஸ் ட்ரை அகெய்ன். மறுபடியும் டம்ளர், மறுபடியும் விரல், மறுபடியும் அதே பெண் குரல். பாலமுரளிக்குப் பொறுமை போயிற்று. “கொண்டா இங்க” என்று அவன் விரலைப் பிடித்து மெஷினில் அழுத்தப் போனார். பிடித்த பிடியில் கை நின்றுவிட்டது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது அந்த விரல். கொதிக்கிற டம்ளரைப் பிடித்திருந்த விரல்! அவர் கட்டைவிரல் அழுத்திய இடம் வெள்ளையாகக் குழிந்தது. விட்ட பிறகும் அந்த வெள்ளை போகவில்லை.

கார்மேகம் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. “தண்ணி இருக்காண்ணே? தாகமா வருது” என்றான்.

கேம்ப் கிளினிக் கேட்டுக்கு எதிரேதான். அங்கே இருந்த நர்ஸ் சாகிர் லக்னோக்காரர், நல்ல மனுஷர். கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். நூற்றுப் பத்து, எழுபது. “ஏக்தம் நார்மல் ஹை, முரளி பாய்” என்றார். நாடி மட்டும் நூற்று இருபதுக்குப் போயிருந்தது. பயமாக இருக்கும், ராத்திரி தூக்கம் இல்லாமல் இருக்கும் என்றார். பிறகு ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டும் சின்ன கிளிப்பை எடுத்து மாட்டினார். அதில் எண் வரவேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள்தான் வந்தன. தட்டிப் பார்த்தார். மறுபடியும் கோடு. “பேட்டரி கதம் ஹோ கயா ஹோகா”, தீர்ந்திருக்கும் என்று தன் விரலிலேயே மாட்டிப் பார்த்தார். தொண்ணூற்றொன்பது என்று பளிச்சென்று காட்டியது.

பாலமுரளி அந்தக் கிளிப்பையும் கார்மேகத்தின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். கிளிப்பை மாட்டிய விரலும் மெஷினில் வைத்த விரலும் ஒன்றுதான். இடது கைச் சுண்டுவிரல்.

அப்போதுதான் அவருக்குச் சுரீர் என்றது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கார்மேகம் கேம்ப்பில் சேர்ந்த அன்றைக்கு அந்த விரலைப் பதிவு செய்ததே அவர்தான். கொத்தனார்களுக்கு மற்ற விரலெல்லாம் தேய்ந்துவிடும், வலது கையில் கரண்டி, இடது கையில் டைல்ஸ், ஆனால் இடது சுண்டுவிரல் மட்டும் எதிலும் படாமல் சும்மா நீட்டிக்கொண்டிருக்கும் என்று கண்டுபிடித்து, புதிதாகச் சேரும் கொத்தனார்களுக்கெல்லாம் அந்த விரலையே பதிய வைத்தவர் அவர். இந்தத் திங்கட்கிழமை வரைக்கும் அந்த விரல் ஒரு நாள்கூட அடம்பிடித்ததில்லை. அந்த விரலைப் பார்த்துத்தான் நேற்றுச் சிமென்ட் கை என்று திட்டினார்.

சிமென்ட் இல்லை. இன்றைக்குக் குளிரும் இல்லை. ஒரே விரலை இரண்டு மெஷினும் வேண்டாம் என்கின்றன. அப்படியென்றால் கோளாறு மெஷினில் இல்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போறோம், எந்திரி” என்றார்.

கார்மேகம் பதறிவிட்டான். “வேணாம்ணே. அடுத்த வாரம் விசா மெடிக்கல் இருக்கு. இப்பப் போயி ஏதாச்சும் எழுதிவிட்டாங்கன்னா அன்ஃபிட்டுன்னு ஊருக்கு ஏத்தி விட்டுருவாங்க. நாளைக்குச் சரியாப் போயிரும்ணே.”

“வாய மூடிட்டு வா.”

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் வரும்தான். ஆனால் அந்த நேரத்தில் கேம்ப் ரோட்டில் பஸ்கள் குறுக்கும் நெடுக்குமாக நின்றிருந்தன. ஸ்டோருக்குச் சாமான் ஏற்றும் பிக்கப் ஓட்டுகிற சுஐபு, தொண்டிக்காரர், பின்பக்க மண் பாதையில் வண்டியை விட்டார். பத்து நிமிஷம்தான். ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசலில் இறங்கி இரண்டு எட்டு வைத்தான் கார்மேகம். குனிந்து வாந்தி எடுத்தான். டீத்தூளைக் கரைத்து ஊற்றினாற்போல் கறுப்பாக வந்தது. அடுத்து வந்தது சிவப்பு. அப்படியே சுஐபு தோளில் சாய்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகவேகமாக நடந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது, இரண்டு கையிலும் ஊசி குத்தினார்கள், சட்டையைக் கத்தரித்தார்கள். டாக்டர் ஒருவர் தமிழில் பேசியதும் பாலமுரளிக்கு உயிர் வந்தது. ஜெயலட்சுமி என்று பெயர்ப் பட்டை குத்தியிருந்தார், மெட்ராஸ் பேச்சு. “எத்தனை நாளா கறுப்பா வெளிக்குப் போகுது?” என்று கார்மேகத்தின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

“ஒரு வாரமா… தாரு மாதிரி” என்றான் கார்மேகம், கண்ணைத் திறக்காமல்.

ஒரு வாரமா! படுபாவி, ஒரு வார்த்தை சொன்னானா? பாலமுரளிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, புண் ஒரு ரத்தக் குழாயை அரித்திருக்கிறது என்றார் டாக்டர். உள்ளே ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. இவன் அதோடு டைல்ஸ் ஒட்டியிருக்கிறான்.

வாய் வழியாகக் குழாய் விட்டு, கேமராவில் பார்த்து, ஒழுகின இடத்தைக் கிளிப் போட்டு அடைத்தார்கள். ஆறு பை ரத்தம் ஏற்றினார்கள். பதினொரு மணிக்கு ஐசியூவுக்கு மாற்றினார்கள். தலைமாட்டில் இருந்த திரையில் பச்சை எழுத்தில் நூற்று இருபத்திரண்டு, எழுபத்தாறு என்று வந்தது. கேம்ப் மேனேஜர் போன் செய்தார். பாலமுரளி விஷயத்தைச் சொன்னதும், “பிரஷர் நார்மல் ஆயிடுச்சுல்ல, கலாஸ், முடிஞ்சுது. நீங்க கேம்ப்புக்கு வாங்க” என்றார். பாலமுரளியும் பெருமூச்சு விட்டார். ஊருக்குப் போன் போட்டு, கார்மேகத்தின் மனைவி மாரியம்மாளிடம், “ஒண்ணும் பயப்படாதம்மா, பிரஷரெல்லாம் நார்மலா வந்துருச்சு” என்றார்.

 அவள் கேட்டாள்: “கை சூடா இருக்காண்ணே?”

“என்னம்மா?”

“அவுக கை. தொட்டுப் பாத்தீகளா? சூடா இருக்கா?”

“அதான் பிரஷர் நார்மல்னு…”

“எம்மக சந்தியா பொறந்தப்ப எனக்கும் ரத்தம் நிக்காமப் போச்சுண்ணே. ரத்தம் ஏத்தி, எல்லாம் சரியாப் போச்சு, பிரஷர் வந்துருச்சுன்னு டாக்டருங்கள்லாம் போயிட்டாக. எனக்கு மட்டும் கையும் காலும் ஐசாத்தான் இருந்துச்சு. அன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும் நான் பொழைப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. கை சூடானப்பத்தான் தெரிஞ்சுது. போயித் தொட்டுப் பாத்துச் சொல்லுங்கண்ணே.”

பாலமுரளி உள்ளே போனார். கார்மேகத்துக்குத் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது, நர்ஸோ பிலிப்பைன்ஸ் பெண். அதனால் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று அவரை உள்ளே விட்டிருந்தார்கள். கார்மேகம் அரைத் தூக்கத்தில் கிடந்தான். கையைத் தொட்டார். காலையில் தொட்ட அதே மீன்.

டாக்டர் ஜெயலட்சுமி பக்கத்தில் வந்து நின்றார். எப்படிக் கண்டுபிடித்து அழைத்து வந்தீர்கள் என்று கேட்டார். பாலமுரளி மெஷின் கதையைச் சொன்னார். டீ டம்ளரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. 

“கெட்டிக்கார மெஷின்” என்றார் டாக்டர். “ரத்தம் குறைஞ்சா உடம்பு என்ன பண்ணும் தெரியுமா? மூளைக்கும் இருதயத்துக்கும் ரத்தம் போயே ஆகணும்னு, தோல், குடல், கிட்னி பக்கம் போற சின்னச் சின்னக் குழாயையெல்லாம் இறுக்கிடும். தலைமுடியைவிட மெல்லிசான குழாய்ங்க. அதனாலதான் பிரஷர் நல்லாவே இருக்கிற மாதிரி காட்டும், ஆளும் நடப்பார், பேசுவார். விரல் நுனியில மட்டும் ரத்தம் இருக்காது.”

“இப்பத்தான் ரத்தம் ஏத்தியாச்சே மேடம். இன்னும் ஏன் சில்லுன்னு இருக்கு?”

“பெரிய குழாய்ல ரத்தம் வந்துடுச்சு. சின்னது உடனே திறக்காது. இத்தனை நாள் பட்டினி கிடந்ததுல அதோட சுவரெல்லாம் வீங்கிப் போயிருக்கும். வெள்ளை அணுக்கள் உள்ள ஒட்டிக்கிட்டு அடைச்சிருக்கும். இங்க பாருங்க.” போர்வையை விலக்கினார். கார்மேகத்தின் முழங்காலைச் சுற்றி ஊதா நிறத்தில் வலை விரித்தாற்போல் திட்டுத் திட்டாக இருந்தது.

பாலமுரளிக்குப் புரிந்துவிட்டது. கேம்ப்பில் தண்ணீர் லாரி வராத அன்றைக்கு இதைத்தான் செய்வார்கள். மெஸ் கிச்சனுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ரூம் பக்கத்து வால்வையெல்லாம் மூடிவிடுவார்கள். லாரி வந்து டேங்க் நிரம்பிவிடும். அளவு காட்டும் முள் மேலே போய் நிற்கும். ஆனால் மூன்றாவது மாடிக் கடைசி ரூமில் குழாயைத் திறந்தால் வெறும் காற்று உஸ்ஸென்று வரும்.

“எப்பத் திறக்கும் மேடம்?”

“சாயங்காலத்துக்குள்ள திறக்கணும். மருந்து போய்ட்டிருக்கு. திறக்கலைன்னா கிட்னி, குடல்னு ஒவ்வொண்ணா அடிவாங்கும். அப்புறம் பிரஷர் நல்லா இருந்தும் பிரயோஜனமில்ல.” அவர் மறைக்காமல் சொன்னார். பிறகு கார்மேகத்தின் விரல் நகத்தைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து விட்டார். நகம் வெளுத்துக் கிடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினார். ஆறு எண்ணிய பிறகுதான் லேசாகச் சிவந்தது. “ரெண்டு, மிஞ்சிப்போனா மூணுக்குள்ள சிவக்கணும். இதுதான் நமக்கு இப்போ மெஷின்.”

வெளியே வராந்தாவில் சுஐபு பேப்பர் கப்பில் டீ வாங்கி வைத்திருந்தார். பாலமுரளி கையை நீட்டினார், பாதியிலேயே இழுத்துக்கொண்டார். “வேணாம் சுஐபு.”

“காலைலேர்ந்து ஒண்ணும் குடிக்கலையே நீங்க. ஒரு நாளைக்குப் பத்து டீ குடிக்கிற ஆளு!”

“வேணாம்னா விடு.”

சுஐபு ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதைத் தானே குடித்தார்.

பாலமுரளி போனை எடுத்தார். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ‘சூடா இருக்கும்மா’ என்று இரண்டே வார்த்தை. பாவம், அவளாவது நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடுவாள். மூன்று நாள் அந்த மெஷினை அப்படித்தானே ஏமாற்றினார். விரல் சொன்ன விஷயத்தை டீயை வைத்து மூடி மறைத்தார். 

“இன்னும் சில்லுன்னுதாம்மா இருக்கு” என்றார். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னார். கடைசியில் அதையும் சொன்னார். “இன்னொண்ணும் சொல்லணும்மா. திங்கக்கெழமையே அந்த மெஷின் சொல்லிருச்சு. நான்தான் கேக்கல. கையில டீ டம்ளரக் குடுத்து விரலைச் சூடாக்கி, பஞ்ச் பண்ண வச்சு வேலைக்கு அனுப்பினேன். திங்கள், செவ்வா, புதன். மூணு நாளு. அன்னைக்கே பாத்திருந்தா இவ்வளவு ரத்தம் போயிருக்காது.”

 மாரியம்மாளுக்குப் பின்னால் ஏதோ கோழி கத்தியது கேட்டது. பிறகு போன் கட் ஆனது.

அவள் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது பாலமுரளிக்கு.

மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். பாலமுரளி, “இன்னிக்கு எனக்கும் ஆப்சென்ட் போட்டுக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பேசியதே இல்லை.

இரண்டு மணிக்கு மாரியம்மாளே கூப்பிட்டாள். சுகமா, சாப்பிட்டீகளா என்று எதுவும் இல்லை. “கை?” என்றாள்.

பாலமுரளி உள்ளே போய்த் தொட்டுப் பார்த்து, நகத்தை அழுத்தி எண்ணிவிட்டு வந்தார். “இன்னும் இல்லம்மா. ஆறு வந்த இடத்துல அஞ்சு வருது.”

“சரி.” வைத்துவிட்டாள்.

மூன்றரைக்கு மறுபடி. “கை?”

“அஞ்சுதாம்மா.”

அஸர் தொழுதுவிட்டு வந்த சுஐபு மறுபடி ஒரு டீயோடு வந்தார். பாலமுரளிக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. டீயின் வாசனை வேறு மூக்கைத் துளைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அப்படி என்ன வைராக்கியம்ணே? நேர்ச்சை ஏதும் வச்சிருக்கீங்களா?” என்றார் சுஐபு. 

நாலே முக்காலுக்குப் பிலிப்பைன்ஸ் நர்ஸ் கதவைத் திறந்து, “பையா, ஹீ டாக்கிங்” என்று கையசைத்தாள். பாலமுரளி விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். கார்மேகம் கண்ணைத் திறந்திருந்தான். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தார்.

“ஆப்சென்ட்… போட்டுராதீகண்ணே.”

“போடா பைத்தியக்காரா” என்றார் பாலமுரளி. கண்ணில் நீர் முட்டிவிட்டது. பேச்சு வந்தது நல்லதுதான், ஆனால் காலையில் வாந்தி எடுக்கிற வரைக்கும் அவன் பேசிக்கொண்டுதானே இருந்தான்? பேச்சை நம்ப அவர் தயாராக இல்லை. கையைப் பிடித்தார். உள்ளங்கையில் முன்பிருந்த சில்லிப்பு இல்லையோ? இருக்கிறதா? தன் ஆசைதான் அப்படித் தோன்றவைக்கிறதா? சுண்டுவிரல் நகத்தை அழுத்திப் பத்து எண்ணிவிட்டு விட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. நாலில் சிவந்தது.

அவர் வெளியே போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நர்ஸ் ஏதோ சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மூத்திரப் பையில் சொட்டுச் சொட்டாக மஞ்சள் நிறத்தில் விழ ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்து டாக்டர் ஜெயலட்சுமி தலையாட்டினார். “கிட்னி வேலைக்கு வந்துடுச்சு. நல்ல சேதி. இன்னும் கொஞ்சம் பொறுங்க.”

ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கி, முசஃபா ரோட்டில் கேம்ப் பஸ்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. இந்நேரம் கேட்டில் வரிசை நிற்கும். வேறு யாரோ நின்று பார்த்துக்கொள்வார்கள். பாலமுரளி ஜன்னல் பக்கமிருந்து திரும்பிப் போர்வையை விலக்கி முழங்காலைப் பார்த்தார். ஊதா வலை அங்கங்கே அறுந்து, நடுவில் சாதாரணத் தோல் தெரிந்தது. மறுபடி கையைத் தொட்டார்.

கார்மேகத்தின் உள்ளங்கை லேசாக ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. சுண்டுவிரலின் நுனி வரைக்கும் சூடு. சந்தேகத்துக்கு ஒரு தரம் எல்லா விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். நகத்தை அழுத்தினார். விட்டார். ஒன்று என்று எண்ணி, இரண்டு என்று வாயைத் திறப்பதற்குள் சிவப்பு வந்துவிட்டது.

டாக்டரும் வந்து அழுத்திப் பார்த்தார். “திறந்துடுச்சு” என்றார். “இனிமே அவர் வீட்டுக்காரங்களுக்குத் தைரியமா சொல்லலாம்.”

பாலமுரளி போனோடு வராந்தாவுக்கு வந்தார். மாரியம்மாளைக் கூப்பிட்டார். ஒரே ரிங்கில் எடுத்துவிட்டாள்.

“கை?”

“சூடா இருக்கும்மா. சுண்டுவிரல் வரைக்கும். நகம் ரெண்டு எண்ணுறதுக்குள்ள சிவக்குது.”

மாரியம்மாள் அழவில்லை. மூச்சை இழுத்து விடுவது மட்டும் கேட்டது. பிறகு, ஒரு வார்த்தையும் விட்டுப்போகாமல் நிதானமாகக் கேட்டாள்: “நெசமாத்தானாண்ணே? டீ டம்ளரப் புடிச்ச கையி இல்லையே?”

“அவனுக்கு வாயில தண்ணிகூட இன்னும் விடலம்மா. டம்ளரெல்லாம் அவங்கிட்டயே போகல.”

“அவுகளக் கேக்கல. நீங்க தொட்ட கையக் கேக்கேன். ஒங்க கைச் சூடு அவுக கையில ஒட்டியிருக்கக் கூடாதுல்லண்ணே.”

பாலமுரளி தன் வலது கையை விரித்துப் பார்த்தார். சுஐபு எதிரே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கையில் மூன்றாவது முறையாக ஒரு டீயோடு.

“இல்ல தங்கச்சி” என்றார். “ஆஸ்பத்திரிக்கு வந்ததுலேர்ந்து நான் டீயைத் தொடவே இல்ல.”

அதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பக்கம் அவள் ஓவென்று அழுதாள்.